நிறுத்தி வைத்த மாதச் சோதனை

தராசு என்று அவனுக்குப் பெயர் வைத்தது அக்காதான். ஒரு பென்சில் வாங்கி வரச் சொன்னால் தெருவில் இருக்கிற எல்லாக் கடையும் ஏறி இறங்கி, எந்தப் பென்சிலுக்கு முனை சீக்கிரம் உடைகிறது, எதற்கு மரம் பிளக்கிறது என்று விசாரித்துவிட்டு, கடைசியில் வெறுங்கையோடு வந்து நிற்கிற பிள்ளைக்கு வேறென்ன பெயர் வைப்பது? அந்தப் பெயர் வீட்டைத் தாண்டி, பள்ளிக்கூடத்தைத் தாண்டி, அவன் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்குள்ளும் எப்படியோ நுழைந்துவிட்டது. ஐம்பதை நெருங்கும் வயதிலும் நர்சுகள் "தராசு சார்" என்றுதான் கூப்பிட்டார்கள். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. கேலியாக இருந்தாலும் தன்னைச் சரியாகத்தான் சொல்கிறது என்று நினைத்தான்.

குடை வாங்குவதென்றால் மூன்று குடைகளைக் குளியலறைக் குழாய்க்குக் கீழே பிடித்துப் பார்க்கிற ஆள் அவன். கல்யாணமான புதிதில் மனைவி ஒரு நாள், "என்னை எத்தனை பேரோட வெச்சு எடை போட்டீங்க?" என்று விளையாட்டாகக் கேட்டாள். அவன் கூரையைப் பார்த்து யோசிக்க ஆரம்பித்ததும் எழுந்து போய்விட்டாள். இப்படிப்பட்டவர்களைக் கட்டிக்கொண்டு குடும்பம் நடத்துவது சுலபமில்லை. ஆனால் இவர்களிடம் ஒரு பொருளைக் கொடுத்துவைத்தால் பத்திரமாக இருக்கும் என்று எல்லோரும் நம்புவார்கள். அந்த நம்பிக்கைதான் இந்தக் கதையில் வந்து சேர்ந்த கேடு.

அக்கா மொத்தக் காய்கறி மார்க்கெட்டில் ஏலம் விடுகிறவள். தகரக் கூரைக்குக் கீழே லாரிகள் உறுமும், மூட்டை இறக்குகிறவர்கள் கத்துவார்கள், எல்லாவற்றுக்கும் மேலே அவள் குரல் தனியாக நிற்கும். ஒருமுறை மைக் வாங்கிக் கொடுத்தார்கள். அதை ஒரு ஓரமாக வைத்துவிட்டு வெறும் வாயாலேயே ஏலத்தை முடித்தாள். விலை கேட்டுவிட்டுப் பின்வாங்குகிற வியாபாரியை அவள் திட்டுகிற திட்டைக் கேட்பதற்கென்றே நாலு பேர் கைவேலையை விட்டுவிட்டு வருவார்கள்.

வீட்டில் அந்தத் திட்டு முழுக்கத் தம்பிக்குத்தான். "எருமை. உன்னைப் பெத்ததுக்கு அம்மா ரெண்டு செங்கல்லைப் பெத்திருந்தா ஒரு சுவராவது எழும்பியிருக்கும்" என்பாள். அம்மாவும் அப்பாவும் சீக்கிரமே போய்விட்டார்கள். பள்ளிக்கு அனுப்பியதும், காய்ச்சலுக்கு மருந்து கொடுத்ததும், வேலைக்கு மனுப் போட வைத்ததும் அந்தத் திட்டுதான். அவள் அன்பாக ஒரு வார்த்தை பேசினால் அவனுக்குப் பயமாக இருக்கும். யாருக்கோ உடம்பு சரியில்லை என்று அர்த்தம்.

ஆஸ்பத்திரியில் அவன் இருந்தது குரல் பிரிவில். தொண்டையில் கட்டி வந்து குரல்வளையையே எடுத்துவிட வேண்டியவர்கள் அங்கே வருவார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் அவர்களைச் சத்தம் புகாத ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து, வாக்கியம் வாக்கியமாகப் படிக்கச் சொல்லிப் பதிவு செய்வார்கள். பிறகு அந்தப் பதிவுகளை வைத்து, அவர்கள் போனில் தட்டெழுதுவதை அவர்களுடைய சொந்தக் குரலிலேயே சொல்கிற மாதிரி ஒரு மென்பொருள் செய்து தருவார்கள். பதிவு செய்வது ஒரு மெலிந்த பெண்மணியின் வேலை. பேச்சுப் பயிற்சியம்மா என்று எல்லோரும் அவரைக் கூப்பிட்டார்கள். பதிவானதைக் காப்பது தராசின் வேலை.

குரல்கள் எல்லாம் லினக்ஸ் என்கிற இயங்குதளத்தில் ஓடும் ஒரு சர்வரில் இருந்தன. டிஸ்க் என்பது என்றைக்காவது சாகிற பொருள். அதில் சந்தேகமே வேண்டாம். என்றைக்கு என்பதுதான் தெரியாது. அதனால் பல டிஸ்குகளைச் சேர்த்து ஒரே டிஸ்க் மாதிரிக் கட்டுவார்கள். அதற்கு ரெய்டு என்று பெயர். "ஆபீஸ்ல இப்ப ரெய்டு விஷயமாத்தான் அலையறேன்" என்று அவன் முதன்முதலில் சொன்னபோது, அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "என்னத்தடா திருடின?" என்று கேட்டாள்.

அந்தக் கட்டிலும் பல வகை உண்டு. ரெய்டு ஐந்து என்றால் ஒரு டிஸ்க் செத்தாலும் மற்றவை கணக்குப் போட்டு அதிலிருந்ததைத் திரும்ப எழுதிவிடும். ரெய்டு ஆறு இரண்டு சாவு வரை தாங்கும், எழுதுவதில் மட்டும் கொஞ்சம் மந்தம். ரெய்டு பத்தில் டிஸ்குகள் ஜோடி ஜோடியாக இருக்கும். ஒன்றில் எழுதுவதை அதன் ஜோடியிலும் எழுதும். வேகத்தில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை, ஆனால் ஒரே ஜோடியில் இரண்டும் போய்விட்டால் போனது போனதுதான். புது சர்வர் வந்து இறங்கியபோது, பிரிவின் தலைவரான பெரிய டாக்டர், இதில் எது நல்லது என்று தராசிடம் போய்க் கேட்டார். கேட்கக் கூடாத ஆளிடம் கேட்டார் என்று பயிற்சியம்மா சிரித்தார்.

அவன் வாழ்க்கையிலேயே சந்தோஷமாக இருந்த காலம் அதுதான் என்று சொல்லலாம். சர்வர் அறை சலவைக்கூடத்துக்குப் பக்கத்தில், ஜன்னல் இல்லாத ஒரு நீள அறை. ஒரு பக்கச் சுவர் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும், இன்னொரு பக்கம் ஏசி உறைய வைக்கும். அங்கே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, ஒவ்வொரு வகையாகக் கட்டி, பெரிய கோப்புகளை எழுதவைத்து, சின்னக் கோப்புகளைப் படிக்கவைத்து, வேகத்தை அளந்தான். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு டிஸ்கைப் பிடுங்கி, மற்றவை பதறாமல் வேலை செய்கின்றனவா என்று பார்த்தான். பிடுங்கிய டிஸ்கைக் கையில் வைத்துக்கொண்டு, திரையில் ஒரு சின்னத் தடங்கலும் இல்லாமல் எண்கள் ஓடுவதைப் பார்க்கும்போது அவனுக்கு உடம்பு சிலிர்த்தது. ஒருவர் போனாலும் அவர் இடத்தை நிரப்ப முடிகிற ஒரு குடும்பத்தை அவன் அங்கேதான் பார்த்தான்.

இதற்கு நடுவில் ஒரு சின்னத் தொல்லை வந்தது. லினக்ஸ் மாதம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமையில், யாரும் சொல்லாமலே ஒரு வேலை செய்யும். எல்லா டிஸ்குகளையும் ஓரம் விடாமல் படித்துப் பார்க்கும். எங்காவது ஒரு இடம் கெட்டிருந்தால், மற்ற டிஸ்குகளிடம் கேட்டு அந்த இடத்தைச் சரிசெய்துவிடும். டிஸ்கில் ஒரு இடத்தை யாரும் படிக்காமலே விட்டால் அது கெட்டுப்போனது யாருக்கும் தெரியாது, அந்த டிஸ்குக்கே தெரியாது. அதற்குத்தான் இந்த மாதச் சோதனை. ஆனால் அது ஓடும்போது சர்வர் திணறும். தராசும் ஆளில்லாத ஞாயிற்றுக்கிழமை பார்த்துத்தான் அளவெடுத்துக்கொண்டிருந்தான். ரெய்டு ஆறை அளந்த அன்று சோதனை குறுக்கே வந்து விழுந்து எண்கள் பாதியில் சரிந்து கிடந்தன.

அவனுக்கு அது பொறுக்கவில்லை. மற்ற வகைகளுக்கு ஒரு நியாயம், இதற்கு ஒரு நியாயமா? ஒப்பீடு என்றால் எல்லோருக்கும் ஒரே களம் வேண்டும். அமைப்புக் கோப்பைத் திறந்து, மாதச் சோதனை வேண்டுமா என்ற வரியில் இருந்த 'ஆம்' என்பதை 'இல்லை' என்று மாற்றினான். மறுபடி 'ஆம்' போட வேண்டும் என்று அவன் தன்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. சொல்லிக்கொள்ளத் தேவையும் இல்லை. அளந்து முடித்ததும் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத்தானே நிறுவப் போகிறோம், அப்போது எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடும். இந்தத் தொழிலில் இருக்கிற யாரைக் கேட்டாலும் இதே மாதிரிதான் நினைத்திருப்பார்கள்.

அறிக்கை எழுதிக் கொடுத்தான். குரல்கள் ஒருமுறை எழுதப்பட்டு அப்படியே கிடப்பவை, அதனால் வேகத்தைவிடப் பாதுகாப்புதான் முக்கியம், ஆகவே ரெய்டு ஆறு என்று எழுதியிருந்தான். பெரிய டாக்டர் அட்டவணையைப் பார்த்துவிட்டு, "அருமையா பண்ணியிருக்கீங்க" என்றார்.

"இதை அழிச்சுட்டு முதல்லேருந்து நிறுவணும் டாக்டர். ஒரு வாரம் குடுங்க."

"இப்ப ரெய்டு ஆறுதான ஓடிட்டிருக்கு?"

"ஆமா டாக்டர், கடைசியா ஒரு தடவை கட்டி வெச்சிருக்கேன். ஆனா அது சோதனைக்குக் கட்டினது..."

"நல்லா ஓடுதுன்னு நீங்கதான எழுதியிருக்கீங்க. நாளைக்குப் பதிவுக்கு ஆள் வர்றாங்க. அவங்களுக்கு ஆபரேஷன் தேதி குறிச்சாச்சு. அப்படியே விட்டுடுங்க."

தராசு இன்னொன்றும் கேட்டான். வேறு கட்டடத்தில் ஒரு சின்ன சர்வர் வைத்து, தினமும் எல்லாவற்றுக்கும் ஒரு நகல் எடுத்துவிடலாமே என்றான். டாக்டர் அறிக்கையைத் தூக்கிக் காட்டினார். "ரெண்டு டிஸ்க் ஒன்னா செத்தாலும் ஒன்னும் ஆகாதுன்னு போட்டிருக்கீங்க. அப்புறம் எதுக்கு இன்னொன்னு?"

அங்கே அவன் வாயைத் திறந்திருக்க வேண்டும். எத்தனை டிஸ்கைக் கட்டினாலும் கட்டு என்பது நகல் ஆகாது, மொத்தக் கட்டும் போனால் எடுக்க வேறிடத்தில் ஒன்று வேண்டும் என்று மேசையைத் தட்டிச் சொல்லியிருக்க வேண்டும். அவனுக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் தன் வேலையை யாரும் அப்படிப் பாராட்டி அவன் கேட்டதில்லை. அவ்வளவு நல்ல அறிக்கைக்கு அடியில் தானே ஒரு ஓட்டையைக் காட்ட மனம் வரவில்லை. "தாங்கும் டாக்டர்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தான். சோதனைக்காகக் கட்டிய சர்வர் அடுத்த நாளிலிருந்து ஆஸ்பத்திரியின் சர்வர் ஆனது. மாதச் சோதனை வரியில் 'இல்லை' என்பது அப்படியே இருந்தது. அவனுக்கு அது அடியோடு மறந்துவிட்டது.

சில வருடங்கள் எந்தக் குறையும் இல்லாமல் ஓடின. காலையில் வந்ததும் முதல் வேலையாகச் சர்வர் அறைக்குப் போய்ப் பச்சை விளக்குகளை ஒரு பார்வை பார்ப்பான். எல்லாம் பச்சையாக இருந்தால் அந்த நாள் நல்ல நாள்.

அப்புறம் அக்காவுக்குக் குரல் கட்டியது. ஏலம் விடுகிறவளுக்குத் தொண்டை கட்டுவது புதிதா என்று அவள் சுக்கும் மிளகுமாக விழுங்கிக்கொண்டே மார்க்கெட்டுக்குப் போனாள். சாப்பிடும்போது வலித்ததைச் சொல்லவே இல்லை. ஒரு நாள் அவனைத் திட்டும்போது பாதியில் குரல் உடைந்து காற்றாகப் போனது. அவள் நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள், அவன் அவளைப் பார்த்தான். அடுத்த நாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். குரல்வளையை எடுத்தால் பிழைப்பாள், எடுக்காவிட்டால் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

"பேச்சு இல்லாம நான் எதுக்குடா பிழைக்கணும்?" என்று அவள் கேட்டாள். முணுமுணுப்பாகத்தான் கேட்டாள். அந்த முணுமுணுப்பைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

குரல் பிரிவைப் பற்றி அவளுக்கு விளக்கியது அவன்தான். பதிவு செய்து வைத்துக்கொண்டால் பிறகு அவளுடைய குரலே போனிலிருந்து வரும், அதை ஒரு ஸ்பீக்கரில் மாட்டினால் மார்க்கெட் கூரை அதிரும் என்று சொன்னான். அவள் நம்பவில்லை. "உன் மெஷின் கெட்டுப்போச்சுன்னா?"

"ரெண்டு டிஸ்க் ஒரே நேரத்துல செத்தாலும் உன் குரலுக்கு ஒன்னும் ஆகாது. நான் பிடுங்கியே பார்த்திருக்கேன் அக்கா."

"எல்லாத்தையும் எடை போட்டுத்தான சொல்ற?"

"போட்டுத்தான் சொல்றேன்."

அந்த ஒரு வார்த்தைக்காக அவள் ஆபரேஷனுக்கும், பதிவுக்காக அதைச் சில நாட்கள் தள்ளிப்போடவும் சம்மதித்தாள். பஞ்சு ஒட்டிய அந்தச் சின்ன அறையில், வலிக்கிற தொண்டையோடு, ஒவ்வொரு வாக்கியமாகப் படித்தாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பயிற்சியம்மா ஹெட்போனைப் போட்டுக்கொண்டு தலையாட்டுவார். அக்கா பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து, அச்சில் இருப்பதை அச்சு மாதிரியே படித்தாள். "மழை நின்ற பிறகு கதவைத் திறந்தார்கள்." "இந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு?" வலி பொறுக்காதபோது கையை உயர்த்துவாள், தண்ணீர் குடிப்பாள், மறுபடி தொடங்குவாள். தராசு வாசலில் நின்று பார்ப்பான். கடைசிப் பக்கத்தை முடித்த அன்று வெளியே வந்து, "முட்டாள்தனமான வாக்கியமா எழுதி வெச்சிருக்காங்க, எவன்டா எழுதினது?" என்றாள். அவன் காதில் அவள் குரல் விழுந்தது ஏறக்குறைய அதுவே கடைசி.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கழுத்தில் மூச்சுக்காக ஒரு துளை வைத்தார்கள். அவளுடைய குரல் தயாராகும் வரைக்கும் போனில் ஏற்கெனவே இருக்கிற ஒரு பெண் குரலைப் போட்டுக் கொடுத்தார்கள். பேங்குக்குப் போன் பண்ணினால், உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம் என்று சொல்வாளே, அந்தப் பெண்ணின் சாயல். அதை எடுத்துக்கொண்டு ஒரு நாள் அக்கா மார்க்கெட்டுக்குப் போனாள். போன் ஏதோ சொன்னது, யாருக்கும் கேட்கவில்லை. கேட்டவர்கள் சிரித்துவிட்டார்கள், கெட்ட எண்ணத்தில் இல்லை, அடக்க முடியாமல். அவள் திரும்பி வந்துவிட்டாள். மார்க்கெட் சங்கத்துக்காரர்கள் நல்ல மனிதர்கள். அவள் குரல் தயாராகி வருகிற வரை அவளுடைய மேடையை வேறு யாருக்கும் கொடுப்பதில்லை என்று சொல்லி அனுப்பினார்கள்.

குரல் தயார் செய்கிற இடத்தில் வரிசை நீளம். பயிற்சியம்மா ஒருமுறை, "உங்க அக்காதான, முன்னாடி போட்டுடவா?" என்று கேட்டார்.

"வேண்டாம்மா. நம்ம ஆளுன்னு முன்னாடி தள்ளினா நல்லா இருக்காது. எங்கே போகப் போகுது, பத்திரமாத்தான இருக்கு" என்றான் தராசு.

வரிசையில் காத்திருப்பவர்களின் பதிவுகளை அவன் எழுதிய ஒரு நிரல், ஆளுக்கு ஒரு மூட்டையாகச் சுருக்கிக் கட்டி வைத்துவிடும். முறை வரும்போது பிரித்துக்கொள்வார்கள். அதுவரை அந்த மூட்டையை யாரும் தொடுவதில்லை, படிப்பதில்லை. அக்காவின் மூட்டையும் அப்படித்தான் கிடந்தது. முறை நெருங்க நெருங்க அவள் எந்த ஸ்பீக்கர் வாங்கலாம் என்று தம்பியிடம் கேட்கத் தொடங்கினாள். அவன் ஸ்பீக்கர்களை ஒப்பிட உட்கார்ந்துவிட்டான். வெகுநாளுக்குப் பிறகு அவள் சிரித்தாள். சத்தமில்லாமல், தோள் குலுங்க.

ஒரு காலையில் சர்வரில் ஒரு விளக்கு மஞ்சளாக இருந்தது. தராசு பதறவில்லை. சொல்லப்போனால் அவனுக்கு உள்ளூர ஒரு பெருமைகூட. இத்தனை வருடம் கழித்து அவன் அறிக்கை நிஜத்தில் ஓடப் போகிறது. செத்த டிஸ்கை உருவிவிட்டு மாற்று டிஸ்கைச் செருகினான். மற்ற டிஸ்குகள் சேர்ந்து அதை நிரப்பத் தொடங்கின. டீ குடிக்கப் போகும்போது பயிற்சியம்மாவிடம், "ஒரு டிஸ்க் போயிடுச்சும்மா, ஒன்னும் கவலையில்ல" என்று சொல்லிவிட்டுப் போனான்.

புது டிஸ்கை நிரப்ப வேண்டுமென்றால் பழைய டிஸ்குகள் தங்களிடம் இருப்பதை எல்லாம் ஓரம் விடாமல் படிக்க வேண்டும். அந்த வேலையை அவை பல வருடமாகச் செய்ததே இல்லை. மதியத்துக்குள் இரண்டாவது டிஸ்க் அந்தப் பளு தாங்காமல் நின்றுவிட்டது. அப்போதும் அவன் நாற்காலி நுனிக்கு நகர்ந்தானே தவிர எழுந்திருக்கவில்லை. இரண்டு வரை தாங்கும், அதுதானே கணக்கு. அடுத்து மூன்றாவது டிஸ்கிலிருந்து பிழைச் செய்திகள் வர ஆரம்பித்தன. இந்த இடத்தைப் படிக்க முடியவில்லை, அடுத்ததையும் முடியவில்லை, அதற்கடுத்ததையும் முடியவில்லை. திரை நிறைந்து மேலே ஓடியது. பிறகு லினக்ஸ் அந்த டிஸ்கையும் வெளியே தள்ளியது. மொத்தக் கட்டும் நின்றது.

அவன் பிழைச் செய்திகளை மேலிருந்து படித்தான். மூன்றாவது டிஸ்க் இன்று கெட்டதில்லை என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. இத்தனை இடம் ஒரே நாளில் கெடாது. கொஞ்சம் கொஞ்சமாக, மாதக் கணக்கில், யாரும் படிக்காத இடங்களில் அரித்துக்கொண்டே வந்திருக்கிறது. அப்படியென்றால் மாதச் சோதனை என்ன செய்துகொண்டிருந்தது? அந்தக் கேள்வி வந்ததும் அவன் கை விசைப்பலகையில் நின்றுவிட்டது. பதில் வேறு எங்கிருந்தும் வர வேண்டியதில்லை. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்தப் பழைய ஞாயிற்றுக்கிழமை அப்படியே கண் முன்னால் வந்தது. அமைப்புக் கோப்பைத் திறந்தான். 'இல்லை' என்று இருந்தது.

அதன் பிறகு பல நாட்கள் அவன் அந்த அறையை விட்டு வந்தது சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் மட்டும்தான். ஒவ்வொரு டிஸ்கையும் புது டிஸ்குக்குத் துளித்துளியாக நகலெடுத்தான். படிக்க முடியாத இடங்களை வெறுமையாக விட்டான். பிறகு எல்லாவற்றையும் வலுக்கட்டாயமாகச் சேர்த்துக் கட்டினான். நிறையக் குரல்கள் திரும்பி வந்தன. சிலருடையது அங்கங்கே அறுந்து வந்தது, ஒப்பேற்றலாம். சிலருடையது போய்விட்டது. அவன் அக்காவின் மூட்டையைக் கடைசியில்தான் திறந்தான். முதலில் திறந்திருக்கலாம், துணிச்சல் வரவில்லை.

பெயர் சரியாக இருந்தது, அளவும் குறையவில்லை. பிரித்தால் ஆரம்பத்தில் ஒரு சில வாக்கியங்கள் வந்தன. அதன் பிறகு சுருக்கிய கட்டு நடுவில் அறுந்துவிட்டதால், அதற்குப் பின்னால் உள்ளது எதையும் பிரிக்க வழியில்லை. தெரிந்த வழியெல்லாம் பார்த்தான். தெரியாத வழிகளைப் படித்துப் பார்த்தான். எதிலும் பலன் இல்லை. வந்த சில வாக்கியங்களைப் பயிற்சியம்மாவின் ஹெட்போனில் கேட்டான். தொண்டையைச் செருமிக்கொண்டு, பாடப் புத்தகம் படிக்கிற மாதிரி, அக்கா ஜாக்கிரதையாகப் படித்தாள். ஒரு இடத்தில் நிறுத்தி, "தப்பாப் படிச்சுட்டேன், மறுபடி படிக்கிறேன்" என்றாள். அவ்வளவுதான் வந்தது.

"இதை வெச்சு ஏதாவது பண்ண முடியுமாம்மா?"

பயிற்சியம்மா அவனைப் பார்க்காமல், "இது போதாது சார்" என்றார். பிறகு போனை எடுத்து, போய்விட்ட குரல்களுக்குச் சொந்தக்காரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லும் வேலையைத் தொடங்கினார். "அக்காகிட்ட நீங்களே சொல்லிடுவீங்கல்ல?" என்று மட்டும் கேட்டார்.

பெரிய டாக்டர் அவனைத் திட்டவில்லை. "மூணு டிஸ்க் ஒரே நேரத்துல போனா யார் என்ன பண்ண முடியும்? மெஷின்தான. மீட்டதே பெரிய விஷயம்" என்று தோளில் தட்டினார். மாதச் சோதனை என்று ஒன்று உண்டு என்பதே அவருக்குத் தெரியாது. அந்த வரியை மறுபடி 'ஆம்' என்று மாற்றிவிட்டால் உலகத்தில் யாருக்கும் தெரியப்போவதில்லை. தராசு மாற்றினான். புது டிஸ்குகளுக்கு அது தேவைதானே. வேறு கட்டடத்தில் நகல் வைக்கவும் இப்போது உடனே அனுமதி கிடைத்தது.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனான். அவள் கட்டிலில் உட்கார்ந்து மார்க்கெட்டுக்குப் போட்டுக்கொண்டு போகிற கனத்த செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் துணியைக் கீழே வைத்தாள். வழியெல்லாம் அவன் வார்த்தைகளை எடை போட்டுக்கொண்டே வந்திருந்தான், எதுவும் நிற்கவில்லை.

"டிஸ்க் போயிடுச்சு அக்கா. உன் குரல் இல்ல. எல்லாம் பண்ணிப் பார்த்துட்டேன். வரல."

அவள் போனை எடுத்துத் தட்டெழுதினாள். அந்தப் பெண் குரல் இதமாகக் கேட்டது: "ரெண்டு செத்தாலும் ஒன்னும் ஆகாதுன்னு சொன்ன."

"மூணு போயிடுச்சு."

இதோடு அவன் நிறுத்தியிருக்கலாம். பெரிய டாக்டரே நிறுத்திக்கொண்ட இடம் அது. ஆனால் அக்கா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பென்சில் வாங்காமல் வந்து நின்ற நாளிலிருந்து அந்தப் பார்வைக்கு முன்னால் அவனால் எதையும் மறைக்க முடிந்ததில்லை.

"மாசா மாசம் டிஸ்கைச் சோதிக்கிற வேலை ஒன்னு இருக்கு. அது ஓடியிருந்தா மூணாவது கெட்டது முன்னாடியே தெரிஞ்சிருக்கும். அதை நான்தான் நிறுத்தினேன். எது நல்லதுன்னு ஒப்பிட்டுப் பார்க்கறதுக்காக நிறுத்தினேன். மறுபடி போட மறந்துட்டேன்."

அவள் தலையைக் குனிந்து எழுதினாள், அழித்தாள், எழுதினாள், அழித்தாள். அவன் காத்திருந்தான். அவனுக்கு அந்த நேரத்தில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி அவள் தன்னைத் திட்ட வேண்டும். அப்படித் திட்டினால் எதையும் தாங்கிவிடலாம் என்று தோன்றியது. கடைசியில் அவள் பொத்தானை அழுத்தினாள்.

"எருமை," என்றது போன். ஒவ்வொரு எழுத்தையும் திருத்தமாக, வாடிக்கையாளரை வரவேற்கிற இனிமையோடு சொன்னது. "உன்னை நம்பினேனேடா."

அவள் போனை முறைத்தாள். மறுபடி அழுத்தினாள். அதே இனிமை. கட்டைவிரல் வெளுக்கும் வரை அழுத்தி அழுத்திப் பார்த்தாள். குரல் ஒரு இழைகூட உயரவில்லை. எருமை, உன்னை நம்பினேனேடா. எருமை, உன்னை நம்பினேனேடா.

போனைச் சுவர் ஓரமாக எறிந்துவிட்டு எழுந்து நின்றாள். வாயைத் திறந்தாள். கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது, துளையிலிருந்து காற்று சீறிக்கொண்டு வந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. அவள் நிறுத்தவில்லை. உதட்டசைவைப் பார்த்தே அவனுக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. அவன் கையைக் கட்டிக்கொண்டு, அவள் முடிக்கிற வரைக்கும் அந்த இடத்திலேயே நின்றான்.